இயல் 4: இந்தப் பதிவு யார் பொறுப்பு?

புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று தனியாக ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இல்லை. ஆனாலும் ஐந்து பல்கலைக்கழகங்களின் வேலை இங்கே அன்றாடம் நடக்கிறது. மன்னர் கல்லூரியும், கலைஞர் கருணாநிதி அரசு மகளிர் கலைக் கல்லூரியும், மேலைச்சிவபுரி கணேசர் கலை அறிவியல் கல்லூரியும் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடும், கல்வியியல் கல்லூரிகள் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடும், 2017இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்திருக்கின்றன. குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரியும் வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அங்கங்கள். இந்தக் கல்லூரிகளின் சேர்க்கை மேசையில் எழுதப்படும் ஒரு பெயரும் பிறந்த தேதியும் திருச்சிக்கும் சென்னைக்கும் கோவைக்கும் போய்ச் சேர்கின்றன. மதிப்பெண் பட்டியலாகவும் உதவித்தொகையாகவும் பட்டச் சான்றிதழாகவும் அங்கிருந்து திரும்பி வருகின்றன. பதிவு பிறக்கும் இடம் ஒன்று, குடியிருக்கும் இடம் இன்னொன்று. பல்கலைக்கழகத் தரவு ஆளுகை என்று பெரிய பெயரில் பேசப்படுவதன் சிக்கல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. இந்த இயல் முன்வைக்கும் கருத்து இதுதான்: ஒரு பதிவு எந்த மேசையில் பிறக்கிறதோ, அந்த மேசைக்கு மேலே உள்ள பதவிதான் அதன் சரி, தவறுக்குப் பொறுப்பேற்க வேண்டும். கணினி எங்கே இருக்கிறது, மென்பொருளை யார் எழுதினார்கள், கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பவை எல்லாம் அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள்.

ஒரு சாதாரணப் பெயரை எடுத்துக்கொள்வோம். தந்தை ராமசாமி, மகள் மீனாட்சி. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும். ஆதார் அட்டையில் அது பின்னால் போயிருக்கும், அல்லது ராமசாமி என்று முழுதாக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் இடைவெளியே இல்லாமல் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்ட பிறகு ‘ரா. மீனாட்சி’ என்ற வடிவமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆணை நியாயமானது, வரவேற்க வேண்டியது. ஆனால் சுப்பையாவின் மகனுக்குத் தமிழில் ‘சு’ என்றும் சண்முகத்தின் மகனுக்கு ‘ச’ என்றும் பிரித்து எழுதுகிற நாம், ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே எழுத்தைத்தான் போடுகிறோம். ஆங்கிலப் பதிவிலிருந்து தமிழுக்கு மாற்றும் எந்த மென்பொருளாலும் இதைச் சரியாக ஊகிக்க முடியாது. ஊர்க்காரர்களுக்கு மீனாட்சி ஒருத்திதான். கணினிக்கு அவள் நான்கு பேர்.

இதன் விலை என்ன என்று பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகிறது. பள்ளியின் எமிஸ் பதிவு, கல்லூரி நிரப்பும் யுமிஸ் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தினால்தான் தடங்கல் வராது. அறந்தாங்கியிலிருந்தோ ஆவுடையார்கோவிலிலிருந்தோ தினமும் பேருந்தில் வந்து போகிற மாணவிக்கு அந்த 1,000 ரூபாய் சிறிய தொகை கிடையாது. வராதபோது அவள் துறைத் தலைவரிடம் போகிறாள். அவர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அலுவலகம் இ-சேவை மையத்துக்கு அனுப்புகிறது. அங்கே ஆதாரைத் திருத்தினால், அதுவரை சரியாக இருந்த பல்கலைக்கழகப் பதிவோடு அது பொருந்தாமல் போகிறது. வழியில் அவள் சந்திக்கும் எல்லோரும் உதவத்தான் பார்க்கிறார்கள். எந்த வடிவம் சரியானது என்று முடிவுசெய்து, மற்ற இடங்களை அதற்கேற்ப மாற்றச் சொல்லும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் எழுத்தில் கொடுக்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் தரவுக் கொள்கை நூறு பக்கம் இருந்தாலும், இந்த ஒரு கேள்விக்கு ஒரு பதவியின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கொள்கையால் அவளுக்குப் பயனில்லை.

நிலக் கணக்கு எழுதுவதில் தமிழ்நாட்டு வருவாய்த் துறை இதே சிக்கலை நெடுங்காலம் சந்தித்து, ஓர் ஒழுங்கையும் உருவாக்கி வைத்திருக்கிறது. அடங்கல் எழுதுபவர் கிராம நிர்வாக அலுவலர். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்ல வேண்டியவர் அவர். வயலுக்குப் போய் அதைச் சரிபார்ப்பவர் வருவாய் ஆய்வாளர். பட்டாவில் பெயரை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கும் மேலே, வட்ட அலுவலகத்தில் இருக்கிறது. பதிவுகள் கணினிக்குப் போன பிறகும் இந்த வரிசை குலையவில்லை. பட்டாவில் பெயர் தவறிவிட்டால் மென்பொருள் எழுதியவரைத் தேடி யாரும் போவதில்லை. எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்பது விராலிமலை முதல் மணமேல்குடி வரை எல்லா விவசாயிக்கும் தெரியும். இன்னொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 1980 வரை கிராமக் கணக்கு பரம்பரைக் கர்ணங்களின் கையில் இருந்தது. அந்த ஆண்டில் பரம்பரை முறையை அரசு ஒழித்தபோது, ஒரு குடும்பத்தின் பெட்டியில் இருந்த கணக்கு ஒரு பதவிக்கு உரியதாக மாறியது. ஆள் மாறினாலும் கணக்கு அலுவலகத்திலேயே நிற்கும் நிலை அப்படித்தான் வந்தது. உயர்கல்வி நிறுவனங்கள் பல இன்னும் 1980க்கு முந்தைய கட்டத்தில்தான் இருக்கின்றன என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு உதவியாளரின் பென் டிரைவிலும் ஒரு பேராசிரியரின் சொந்த மின்னஞ்சல் கணக்கிலும் மட்டுமே இருக்கும் எக்செல் கோப்புக்கும், கர்ணம் வீட்டுப் பெட்டிக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துப் பாருங்கள்.

நிலக் கணக்கின் ஒழுங்கைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தால் நான்கு விதமான பொறுப்புகள் கிடைக்கின்றன. ஒரு தரவின் பொருள் என்ன, அது சரியா, அதை யார் பார்க்கலாம், எப்போது திருத்தலாம் என்று முடிவுசெய்பவரைத் தரவுப் பொறுப்பாளர் என்போம். மதிப்பெண்ணுக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கட்டணத்துக்கு நிதி அலுவலர், ஆசிரியர் பணி விவரத்துக்குப் பதிவாளர், கல்லூரியில் மாணவர் சேர்க்கை விவரத்துக்கு முதல்வர் என்று இது அமையும். அவருக்குக் கீழே அன்றாடம் பதிவை எழுதி, முரண்பாட்டைக் கண்டுபிடித்து, திருத்தத்துக்குப் பரிந்துரைப்பவர் தரவுப் பேணுநர். பெரும்பாலும் ஒரு பிரிவுக் கண்காணிப்பாளரோ உதவியாளரோ இந்த வேலையைப் பெயரில்லாமல் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார். கணினி மையம் தரவுக் காப்பாளர். தரவு தொலையாமல், கசியாமல், நகலெடுக்கப்பட்டு, அனுமதி உள்ளவருக்கு மட்டும் திறக்கும்படி வைத்திருப்பது அதன் கடமை. உள்ளே இருக்கும் எண் சரியா என்று சொல்லும் கடமை அதற்கு இல்லை. மாற்றும் உரிமையும் இருக்கக் கூடாது. தரவுத்தளத்துக்குள் நேரடியாகப் புகுந்து ஒரு மதிப்பெண்ணை மாற்றும் வசதி நிரலாளருக்கு எப்போதும் இருக்கும் என்பதால், பொறுப்பாளரின் எழுத்தாணை இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்ற விதி அவரைக் கட்டுப்படுத்துவதைவிட அதிகமாக அவரைப் பாதுகாக்கிறது. நான்காமவர் தரவைப் பயன்படுத்துபவர். இவர்கள் எல்லோருக்கும் மேலே, பொறுப்பாளர்களுக்குள் எழும் பூசலைத் தீர்க்க ஒருவர் தேவை. பல்கலைக்கழகச் சட்டங்கள் பொதுவாகப் பதிவாளரையே ஆவணங்களின் காப்பாளர் என்று குறிப்பதால், அந்த இடம் அவருடையது. கொள்கையை ஏற்கும் அதிகாரம் ஆட்சிக்குழுவுக்கு.

பயன்படுத்துபவர் என்ற நான்காம் வகையில் சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் நடைமுறையில் பெரிய குழப்பம் இங்கேதான் நேர்கிறது. அகத்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர், அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் ஒருங்கிணைப்பு அலுவலர், என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குத் தகவல் திரட்டுபவர் ஆகிய மூவரும் பயன்படுத்துபவர்கள்தான். ஆனால் நாக் தர மதிப்பீடு நடக்கும் ஆண்டில் அகத்தர உறுதிப் பிரிவே எல்லா எண்களுக்கும் உரிமையாளர் ஆகிவிடுகிறது. துறைகளுக்குக் கூகுள் படிவம் போகிறது. துறைகள் நினைவிலிருந்து நிரப்புகின்றன. சேர்க்கைப் பதிவேடு பீரோவிலேயே இருக்கிறது. இப்படிச் சேரும் எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்கு நேர்மையின்மையைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் அநியாயம். கேள்வியே வேறுபடுகிறது. ‘மாணவர் எண்ணிக்கை’ என்றால் எந்தத் தேதியில்? சேர்க்கை முடிந்த நாளிலா, இடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களைக் கழித்த பிறகா, தேர்வுக் கட்டணம் கட்டியவர்களை மட்டுமா? ‘ஆசிரியர்’ என்றால் கௌரவ விரிவுரையாளர்களும் சேர்த்தியா? அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கும் பாடவேளைகளை அறிந்தவர்களுக்கு, இந்தக் கேள்வியின் விடை ஒரு கல்லூரியின் ஆசிரியர்-மாணவர் விகிதத்தையே புரட்டிப் போடும் என்பது தெரியும். அறிக்கைக்கு அறிக்கை வெவ்வேறு விடை சொல்லலாம். அந்தந்த அறிக்கையின் வரையறை அப்படி இருக்கலாம். ஆனால் அடிப்படைப் பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டும். அதிலிருந்து எந்த வரையறைப்படி எண்ணினோம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பட்டியல் பொறுப்பாளருடையது. எண்ணிக்கையும் வரையறைக் குறிப்பும் பயன்படுத்துபவருடையவை. பயன்படுத்துபவர் தவறு கண்டால் தன் அறிக்கையில் மட்டும் திருத்திக்கொண்டு போய்விடக் கூடாது. பொறுப்பாளரிடம் சொல்லி மூலத்தைத் திருத்தச் செய்ய வேண்டும். அறிக்கையில் மட்டும் திருத்தும் பழக்கம்தான் ஒரே கல்லூரிக்கு மூன்று ஆசிரியர் எண்ணிக்கைகளை உண்டாக்குகிறது.

பொறுப்பாளர் இல்லாத தரவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாடு அண்மையில் ஒரு பெரிய சான்றைக் கண்டது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்னும் ஊழல் எதிர்ப்பு அமைப்பு, 2023-24 கல்வியாண்டில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றும், 224 கல்லூரிகள் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்றும் வெளியிட்டது. அப்போதைய துணைவேந்தர் ஆர். வேல்ராஜ், ஏறத்தாழ 2,000 பணியிடங்கள் 189 பேரைக் கொண்டு நிரப்பிக் காட்டப்பட்டிருப்பதாகவும், ஆதார் எண்கள் மாற்றித் தரப்பட்டிருப்பதாகவும் கூறினார். தவறான தகவல் தந்தவர்களின் குற்றம் தனி; அதை விசாரிக்க வேண்டிய அமைப்புகள் இருக்கின்றன. தரவு ஆளுகை பற்றிப் படிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. விவரங்கள் பல்கலைக்கழகத்திடம்தான் இருந்தன. வெளியே உள்ள ஓர் அமைப்பு பெயரையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று, உள்ளே ஏன் கண்ணில் படவில்லை? கல்லூரி வாரியாக விண்ணப்பம் வருகிறது; கல்லூரி வாரியாக ஆய்வுக் குழு போகிறது; கல்லூரி வாரியாகக் கோப்பு முடிகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒருவர் பொறுப்பு. ‘தமிழ்நாட்டில் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பணியாற்றும் ஆசிரியர்’ என்ற முழுப் பட்டியலுக்கு, அதில் ஒருவர் பெயர் ஒரு முறைதான் வர வேண்டும் என்று பார்க்கும் கடமை உள்ள ஒருவர் இருந்திருந்தால், ஒரு பிற்பகல் வேலையில் இது வெளிப்பட்டிருக்கும். தரவைக் கேட்டு வாங்குவது வேறு, அதற்குப் பொறுப்பேற்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது கடினம்.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு சான்று போதும். இங்கிலாந்தின் கிரீனிச் பல்கலைக்கழகத்தில் 2004இல் ஒரு பயிற்சி மாநாட்டுக்காக ஒரு துறை சிறிய இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. மாநாடு முடிந்தது, தளத்தை யாரும் மூடவில்லை. ஆண்டுகள் கழித்து அதன் வழியாக ஊடுருவியவர்கள் சுமார் 19,500 பேரின் விவரங்களை எடுத்தார்கள். 2018 மே மாதம் அந்நாட்டின் தகவல் ஆணையர் பல்கலைக்கழகத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம் விதித்தார். துறை தானாகத் தொடங்கிய தளம், மையத்துக்குத் தெரியாது என்ற விளக்கம் பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றவில்லை. நம் கல்லூரிகளில் கருத்தரங்கப் பதிவுக்காகத் திறந்து, கைப்பேசி எண்களையும் முகவரிகளையும் வாங்கிக்கொண்டு, பிறகு மறக்கப்பட்ட கூகுள் படிவங்கள் எத்தனை இருக்கும் என்று ஒவ்வொரு துறையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்தியாவிலும் சட்டம் இந்தத் திசையில் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி காலம் தரப்பட்டிருக்கிறது. தரவு எதற்காக, எப்படிக் கையாளப்பட வேண்டும் என்று தீர்மானிப்பவரையே சட்டம் பொறுப்பாக்குகிறது. அவர் சார்பில் கையாளும் மென்பொருள் நிறுவனத்தோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ‘நாங்கள் விவரத்தை அனுப்புகிறோம், மற்றது பல்கலைக்கழகத்தின் பாடு’ என்று இணைப்புக் கல்லூரி சொல்வதில் அரை உண்மை இருக்கிறது. பல்கலைக்கழகம் கேட்ட படிவத்தில் கேட்ட விவரத்தை அனுப்பும் அளவுக்கு அது சரி. ஆனால் மன்னர் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாள் தயாரித்து, தேர்வு நடத்தி, முடிவை அறிவிக்கின்றன. பட்டத்தை மட்டுமே பல்கலைக்கழகம் தருகிறது. மதிப்பெண் தரவின் நோக்கத்தையும் வழியையும் தீர்மானிப்பது அங்கே கல்லூரிதான். ஆகவே தன்னாட்சி என்பது பாடத்திட்டச் சுதந்திரத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்ட ஒரு தரவுப் பொறுப்பும் ஆகும். இன்னொன்று: 18 வயது நிறையாதவரைச் சட்டம் குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. முதலாண்டில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கும் இடத்துக்கு மேலே, எந்த விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்ற தெளிவான தமிழ் வாக்கியங்கள் நான்கு அச்சாக வேண்டும். அவற்றை எழுத வேண்டியவர் யார் என்றால், மீண்டும் சேர்க்கைத் தரவின் பொறுப்பாளர், அதாவது முதல்வர். கணினி மையத்துக்கும் தனியாக ஒரு கடமை உண்டு. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த நெறிமுறைகளின்படி, இணைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்தில் யாருக்குத் தொலைபேசி செய்வது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்பது முதலில் எழும் எதிர்ப்பு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நிரப்பப்படாத அமைச்சுப் பணியிடங்கள் உள்ள கல்லூரியில், ஒரே உதவியாளர் சேர்க்கையும் உதவித்தொகையும் சான்றிதழும் பார்க்கும் இடத்தில், புதிய பதவிப் பெயர்களைச் சூட்டுவது கேலிபோலத் தெரியும். ஆனால் இந்த இயல் புதிய ஆள் எவரையும் கேட்கவில்லை. இருக்கும் இருக்கைக்கு, அது ஏற்கெனவே செய்யும் வேலையின் உரிமையை எழுத்தில் தரச் சொல்கிறது. ஒரே உதவியாளர் மூன்று தரவுகளின் பேணுநராக இருப்பதில் தவறில்லை. ஒரே தரவுக்கு மூன்று பொறுப்பாளர்கள் இருப்பதுதான் தவறு. ஆள் பற்றாக்குறைதான் இந்த ஒழுங்கை அவசரமாக்குகிறது என்றும் வாதிடலாம். உயர்கல்விக் கணக்கெடுப்பு, நாக், தரவரிசை, யுமிஸ், பல்கலைக்கழகம், கல்லூரிக் கல்வி இயக்ககம் என்று ஆறு இடங்கள் ஒரே விவரத்தை ஆறு வடிவில் கேட்கின்றன. ஒவ்வொரு முறையும் துறைதோறும் ஓடித் திரட்டுவதால் அந்த ஒரே உதவியாளரின் நேரம் ஆறு மடங்கு செலவாகிறது. சரிபார்த்த ஒரு பட்டியல் இருந்தால் ஐந்து ஓட்டங்கள் மிச்சமாகும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பொறுப்பைக் கீழே தள்ளி அதிகாரத்தை மேலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றியது. தவறுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை இளநிலை உதவியாளருக்குப் போகும். திருத்த அனுமதி கேட்ட அவருடைய குறிப்பு மூன்று மாதம் மேலே தூங்கியிருக்கும். பேணுநரின் பரிந்துரைக்கு இத்தனை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்று பொறுப்பாளரைக் கட்டுப்படுத்தாத எந்த ஏற்பாடும், கடைசியில் பலவீனமானவர் தலையில்தான் விடியும்.

இரண்டாவது எதிர்ப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. தரவுக்கு உரிமையாளர் என்று ஒருவரை வைத்தால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் ‘தனிநபர் தரவு’ என்று மறுப்பார் என்ற அச்சம் அது. அச்சம் நியாயமானது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் விலக்கை முன்பிருந்ததைவிட அகலமாக்கியிருக்கிறது. இருந்தாலும், வெளியிடுவதால் விளையும் பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மேலும் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமே பொறுப்பைப் பெயரிட்டு ஒதுக்குவதன் பயனுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பொதுத் தகவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டதால்தான் 30 நாள் என்ற கெடுவுக்குப் பொருள் வந்தது. அவர் இன்னொரு அலுவலரின் உதவியைக் கேட்டால், சட்டத்தை மீறும் செயலைப் பொறுத்தவரை அந்த அலுவலரும் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார் என்கிறது 5ஆம் பிரிவு. கதவைச் சாத்த விரும்பும் அலுவலகத்துக்கு வசதியானது, ‘அந்தக் கோப்பு எங்களிடம் இல்லை’ என்று மாறி மாறிக் கைகாட்ட முடிகிற நிலைதான். பொறுப்பாளர் பெயர் சுவரில் எழுதியிருந்தால் அது முடியாது. பொறுப்பாளரின் கடமைகளில் வெளியிடுவதையும் சேர்த்தே எழுத வேண்டும்: எந்த விவரம் யார் கேட்காமலேயே இணையதளத்தில் இருக்க வேண்டும், எது கேட்டால் தரப்படும், எது தரப்படாது என்று தரவுக்குத் தரவு அவர் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். ஆசிரியர் பட்டியல் முதல் வகையைச் சேர்ந்தது. அது பொதுவெளியில் இருந்தால்தான் வெளியார் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதை அண்ணா பல்கலைக்கழக விவகாரம் காட்டிவிட்டது. மாணவியின் வங்கிக் கணக்கு எண் மூன்றாம் வகை. தேர்ச்சிப் பட்டியலோடு அதையும் ஒரே எக்செல் தாளில் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது இன்று முதல் நிற்க வேண்டும்.

ஆய்வுத் தரவு தனி இயலுக்கு உரியது என்றாலும், பொறுப்பைப் பொறுத்த ஒரு கூறை இங்கேயே சொல்லிவிடலாம். வம்பனில் உருவான உளுந்து ரகங்கள் மாவட்டம் தாண்டிப் பேர் பெற்றவை. அந்த விதை உழவர் கைக்கு வரும் வழியைப் பாருங்கள். இனத்தை உருவாக்கிய விஞ்ஞானியின் பொறுப்பில் வல்லுநர் விதை, அதற்கு மஞ்சள் அட்டை. அதிலிருந்து பெருக்கிய ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அதிலிருந்து வரும் சான்று விதைக்கு நீல அட்டை. மூட்டையைப் பார்த்ததும் இது எந்தத் தலைமுறை, யார் சான்று தந்தார்கள் என்று தெரியும். ஆய்வுத் தரவுக்கும் இதே வேறுபாடு வேண்டும். வயலில் குறித்த மூல அளவு வேறு. பிழை நீக்கிய தொகுப்பு வேறு. ஆய்வேட்டில் அச்சான அட்டவணை வேறு. முதுநிலை மாணவர் பட்டம் வாங்கிப் போகும்போது மூன்றாவது மட்டும் நூலகத்தில் தங்கி, முதல் இரண்டும் அவருடைய மடிக்கணினியோடு போய்விடுவதுதான் பெரும்பாலான துறைகளின் நிலை. அடுத்த ஆண்டு வரும் மாணவர் அந்த அட்டவணையிலிருந்து எதையும் புதிதாக வளர்க்க முடியாது. மூலத் தரவின் பொறுப்பாளர் நெறியாளர், பேணுநர் மாணவர் என்று வைத்து, நிலுவையின்மைச் சான்று வாங்கும் பட்டியலில் நூலகத்துக்கும் விடுதிக்கும் அடுத்து ‘மூலத் தரவு ஒப்படைக்கப்பட்டது’ என்று நெறியாளர் கையெழுத்திடும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

எழுதி வைத்த பொறுப்பு தூங்காமல் இருக்க ஆண்டுக்கொரு நாள் தேவை. வருவாய்த் துறைக்கு அது ஜமாபந்தி. ஜூன் 30இல் முடியும் பசலி ஆண்டின் கிராமக் கணக்குகளை வட்ட அலுவலகத்தில் மேசையில் விரித்து வைத்து உயர் அலுவலர் சரிபார்க்கிறார். அதே நாளில் மக்கள் மனுவும் வாங்கப்படுகிறது. கணக்கைத் தணிக்கை செய்யும் இடமும் கணக்கால் பாதிக்கப்பட்டவர் முறையிடும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. பல்கலைக்கழகம் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சேர்க்கை முடிந்து முதல் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு மாணவருக்கும் அவருடைய பதிவை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும்: தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, பிரிவு, வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண்கள். அவர் தவறைச் சிவப்பு மையில் சுழிப்பார். பேணுநர் சான்றோடு ஒப்பிடுவார். முதல்வர் அங்கேயே திருத்த ஆணையிடுவார். ஆறாவது பருவத்தில் பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்த திருச்சிக்கு இரண்டு முறை போய்வர வேண்டிய அலைச்சலோடு ஒப்பிட்டால், இந்த இரண்டு நாளும் சில கட்டுக் காகிதமும் ஒன்றுமே இல்லை.

தொடங்கும் கல்லூரிகள் எல்லாத் தரவையும் ஒரே ஆணைக்குள் அடக்க முயல வேண்டாம். சேர்க்கை விவரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முதல்வரின் அலுவலக ஆணையாக ஒரு பக்கம் எழுதலாம். அதில் பொறுப்பாளர், பேணுநர், காப்பாளர் என்று பதவிகளைக் குறிக்க வேண்டும். ஆட்களின் பெயர் வேண்டாம், ஏனென்றால் அடுத்த இடமாறுதல் கலந்தாய்வோடு அந்தப் பெயர் காலாவதியாகும். எந்தச் சான்றில் உள்ள வடிவம் இறுதியானது என்று ஒரு வாக்கியம் வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அப்படிக் கொள்வது பலருக்கும் பழகிய வழக்கம். திருத்தக் கோரிக்கைக்கு எத்தனை வேலை நாளில் விடை என்பது எண்ணால் இருக்க வேண்டும். இடமாறுதலிலும் ஓய்விலும் போகிறவர் சாவியையும் பதிவேட்டையும் ஒப்படைக்கும் பட்டியலில், அலுவலக மின்னஞ்சலும் தளங்களின் நுழைவுக் கணக்குகளும் சேர வேண்டும். புதியவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடைசியாக ஒரு வரி, பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுவது: ஒரு பதிவு திருத்தப்பட்டால், என்ன இருந்தது, என்ன ஆனது, எந்தெந்த இடங்களுக்கு அந்தத் திருத்தம் அனுப்பப்பட்டது என்ற சீட்டு அதே வாரத்தில் அந்த மாணவியின் கையில் கொடுக்கப்பட வேண்டும்.